பின் சக்கரத்து மீன் செதில்

என் மோட்டார் சைக்கிளில் அலாய் வீல் கிடையாது. பழைய வண்டி, கம்பி வைத்த சக்கரம். சக்கரத்துக்கு முப்பத்தாறு கம்பி, ஆக எழுபத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுபத்திரண்டையும் துடைத்தாக வேண்டும். வண்டிக்கு சென்டர் ஸ்டாண்டு போட்டு, பழைய டூத் பிரஷ்ஷை டீசலில் தோய்த்து, கம்பி ரிம்முக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சின்னத் திருகுகளைத் தேய்க்க வேண்டும். பிறகு கிழிந்த பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியாக உருவிவிட வேண்டும். கடைசியாக ஸ்பேனரால் தட்டிக் கேட்க வேண்டும். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்த கம்பி சுரத்தில்லாமல் முனகும்.

இவ்வளவையும் செய்தது நான் இல்லை, என் தம்பி. கேளம்பாக்கத்தில் அவனுக்கு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. முடிச்சூரிலிருந்து தினமும் அந்த வண்டியில்தான் போய்வந்தான். ஓட்டுகிறவன்தான் துடைக்க வேண்டும் என்பது என் சட்டம். நான் தாம்பரத்தில் கணக்கு வாத்தியார். கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். முடித்ததும் வெள்ளைக் கைக்குட்டையால் ஏதாவது ஒரு கம்பியைத் தடவிப் பார்ப்பேன். கறை பட்டால் முதல் கம்பியிலிருந்து மறுபடி. முப்பது வயது ஆம்பிளை, ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனுக்குப் பெரியவன் என்று இருந்தது நான் ஒருவன்தான், அந்தப் பதவியை நான் சும்மா விடவில்லை.

ஒரு ஞாயிறு நான் எழுந்து வருவதற்கு முன்பே அவன் சக்கரங்களைத் துடைத்து முடித்திருந்தான். எனக்கு மூக்கில் வியர்த்தது. குனிந்து பார்த்தேன். கம்பிகள் பளபளத்தாலும் சக்கரத்தின் நடுவே ஹப்புக்குப் பக்கத்தில் பொரிப்பொரியாகத் துரு. போன வாரம் இல்லாத துரு. விரலை உள்ளே விட்டுத் தடவினால் கிளிஞ்சல் தூள் கலந்த மணல். பின் சக்கரத்தில், செயின் பக்கம், நகம் அளவுக்கு ஒரு மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வராது. கேளம்பாக்கத்தில் கடலும் கிடையாது. அதைத் தாண்டிக் கொஞ்சம் போனால் கோவளம் கடற்கரை.

நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். "இந்தக் கம்பியெல்லாம் மறுபடி தேய்" என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டேன். வண்டி எனக்கு வேண்டும் என்று சொல்லி அவனை பஸ்ஸில் அனுப்பிவிட்டுக் கோவளம் போனேன். அங்கே நான் யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. மீன் விற்கும் இடத்தில் வண்டியை நிறுத்தியதுமே ஒரு அம்மாள் கூடையை விட்டு எழுந்து வந்தார்.

"இன்னா சார், தம்பி வண்டிய நீ எட்னு வந்துகீற? அவுரு நல்லாத்தான கீறாரு?"

அவருக்குப் பின்னால் ஒரு பெண் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மீன் விற்கிற வீட்டில் பெண் எடுத்தால் காலனியில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது என்பதுதான் அப்போது என் மண்டைக்குள் ஓடியது. வேறு எதுவும் ஓடவில்லை.

"நான் அவன் அண்ணன். அவனுக்கு நிச்சயம் ஆயிடுச்சும்மா. அடுத்த மாசம் கல்யாணம்" என்றேன். அந்தப் பெண் நிமிர்ந்தாள். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "போன்ல கேட்டா இல்லன்னுதான் சொல்வான். இதுக்கு முன்னாடியும் ரெண்டு பொண்ணுங்க கிட்ட இப்படித்தான்" என்றும் சொன்னேன். கணக்கு வாத்தியார் இல்லையா, எந்தப் பக்கமும் வழி இல்லாதபடி அடைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். திரும்பும்போது எனக்கு நன்றாகப் பசித்தது.

இரண்டு வாரம் தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது ஞாயிறு, முன் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியைக் கீழே வைத்தான்.

"அண்ணா, ஒரு விஷயம். கோவளத்துல ஒரு பொண்ணு. அவங்க அம்மா, பெரியவங்களக் கூட்டிட்டு வந்து பேசு, இல்லன்னா இந்தப் பக்கமே வராதன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. நான் உங்ககிட்ட சொல்ல பயந்துக்கிட்டு இருந்துட்டேன். இப்ப அவ போனே எடுக்கல. கோவம் போல. நீங்க ஒரு தடவை வந்து பேசுனா போதும்ணா."

முடியாது என்றால் அவன் தனியாகப் போவான். தனியாகப் போனால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். கூடப் போனால் எப்படியாவது சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். "சரி, வரேன்" என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அவன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து கோவளத்தில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வாசலுக்கு வந்த அந்த அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "இவங்கதான் என் அண்ணன். பேச வந்திருக்காங்க" என்றான் தம்பி. பேச வந்திருக்காங்க என்ற சொல்லைக் கேட்டதும் அவர் பார்வை என் மேல் வந்து நின்றது. நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இதோ சொல்லப்போகிறார் என்று வாசலில் இருந்த மீன் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பொண்ணுக்கு வேற இடம் முடிஞ்சிட்ச்சு தம்பி. அத்த வூட்டுக்குப் போய்கீது. நீ இனிமே இங்க வராத" என்றார்.

தம்பி வண்டியைத் திருப்பப் போனான். அவன் தள்ளிப் போனதும் அந்த அம்மாள் என் அருகே வந்தார்.

"இடமும் முடியல, ஒண்ணும் முடியல. எம் பொண்ணு உள்ளதான் அழுதுகினு கீது. தம்பி தங்கமான புள்ள, எனுக்குத் தெரியும். ஆனா நீ இருக்கிற வூட்டுக்கு எம் பொண்ண அனுப்ப மாட்டேன் சார்."

நான் தலையாட்டினேன். அவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. பத்தடி தூரத்தில்தான் நின்றான்.

வண்டலூர் போகும் சாலையில் ஒரு சிக்னலில் நின்றபோது தம்பி பாதி திரும்பினான்.

"எனக்காகப் பேச வந்தீங்களே, அதுவே போதும்ணா. அப்பா இருந்திருந்தாகூட வந்திருக்க மாட்டாரு."

"சரி, முன்னாடி பார்த்து ஓட்டு" என்றேன்.