கெடிலம் பாலத்தில் பின்னால் வந்த பஸ்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்தபிறகு வண்டியையும் தொடவில்லை, வேலைக்கும் போகவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, அன்றுதான் மீண்டும் ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பினேன்.

கடலூர் கெடிலம் பாலத்தில் ஏறியதும், சிதம்பரத்திலிருந்து புதுச்சேரி போகும் பஸ் ஒன்று பின்னால் ஒட்டிக்கொண்டது. முந்தவும் இல்லை, விலகவும் இல்லை. அந்த உறுமலில் வண்டி இப்படியும் அப்படியும் தள்ளாடியது. ஏற்றிவிடுவான் என்றே நினைத்தேன். கண்ணாடியில் பார்க்கக்கூடத் தைரியமில்லை.

பாலம் முடிந்ததும் ஓரங்கட்டினேன், நன்றாகத் திட்டிவிட வேண்டுமென்று. பஸ் அருகில் வந்து நின்றது. படியில் நின்ற கண்டக்டர் குனிந்தார்.

“ஒன் வண்டி தள்ளாடுறத டிரைவர் பாத்துட்டாரும்மா. லாரி எதுவும் ஒரசிடக் கூடாதுன்னுதான் யாரையும் முந்த வுடாம பின்னாடியே வந்தாரு.”

டிரைவரைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டு, வண்டியைக் கிளப்பினேன்.

இன்றும் அந்தப் பாலத்தில் ஏறினால் பயம்தான். ஆனால், பின்னால் வருவது என்னவென்று கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் பயப்படுகிறேன்.