நான்காம் மாடி மிஷின் ரூம்

“உள்ள யாராச்சும் இருக்கீங்களா?”

கதவுக்கு வெளியே நின்று சித்தி கேட்டாள். சனிக்கிழமை, மதியம் 2:10. நான் உள்ளேதான் இருந்தேன். பதில் சொல்லவில்லை.

அதனால்தான் இவ்வளவும் நடந்தது. இதில் ஒரு வரிகூட நானாகச் சேர்த்தது இல்லை. நேரமெல்லாம் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கென்று சித்தி வாங்கிக் கொடுத்த கடிகாரம் அது. பரீட்சைக்கு நான் போகவில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் என் குரல் தொண்டையைத் தாண்டாது. எல்லாரும் சிரிப்பார்கள். ஒருநாள் பையை வீட்டில் வைத்தேன், பிறகு எடுக்கவே இல்லை. சித்தி திட்டவில்லை. தான் வேலை செய்யும் ஆபீஸ் கட்டிடத்துக்கே என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். துடைப்பம், வாளி, மாப். அங்கே பேச வேண்டிய அவசியம் இல்லை.

அது கண்ணாடிக் கட்டிடம். ஜன்னல் ஒன்றும் திறக்காது. போன வருஷம் கரண்ட்டை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் மாற்றினார்கள். ஆள் இருந்தால் விளக்கு எரியும், ஆள் போனால் பத்தே வினாடியில் அணையும். எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று பார்த்து ஏசியே காற்றைக் கூட்டும், குறைக்கும். கதவு இடுக்கில் குளிர்ந்த காற்று வீணாகக் கூடாது என்று சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டினார்கள். “நான் கொட்டாவி விட்டாக்கூட இந்தக் கட்டிடத்துக்குத் தெரியும்மா,” என்பார் வாட்ச்மேன் மாமா. ஏசி பார்க்க வரும் அண்ணன் என்னைப் ‘பூனை’ என்றுதான் கூப்பிடுவார். “பூனை வந்தா மட்டும் சென்சாருக்கே தெரியாது.”

சித்தியையும் கேலி செய்யாமல் விடமாட்டார்கள். அவளுக்கு ஒரு பழக்கம். எந்தக் கதவைச் சாத்துவதற்கு முன்னாலும் மூன்று தடவை தட்டுவாள். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்பாள். துடைப்பம் வைக்கும் அலமாரிக்கும் அதே கேள்விதான். “குப்பைத்தொட்டி மூடியையும் கேட்டுட்டுதான் மூடுவா உங்க சித்தி,” என்று மாமா சிரிப்பார். சித்தி மட்டும் சிரிக்க மாட்டாள்.

நான்காம் மாடிக் கோடியில் இருக்கிறது மிஷின் ரூம். அந்த மாடி முழுக்கக் குளிர்காற்று அனுப்பும் மிஷின் அங்கேதான். லாரி அளவுக்குத் தகரப் பெட்டி. ஹாலிலிருந்து திரும்பி வரும் காற்று, சுவரில் உள்ள ஒரு பெரிய சல்லடை வழியாக ரூமுக்குள் வரும். அதை மிஷின் இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி அனுப்பும். பெட்டியின் பக்கவாட்டில், குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு இரும்புக் கதவு. அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டக் கண்ணாடி. அந்தக் கதவில் எப்போதும் பூட்டு தொங்கும். சாவி அண்ணனிடம் மட்டும்.

மிஷின் நின்ற பிறகு சில சமயம் ‘டங்... டங்’ என்று சத்தம் வரும். முதல் நாள் நான் துள்ளிவிட்டேன். “தகரம் சுருங்குது, பயப்படாதே,” என்றார் அண்ணன். பிறகு பழகிவிட்டது.

சனிக்கிழமை ஒன்றரைக்கு ஆபீஸ் காலி. மிஷின் நிற்கும். மிஷினின் வெளிப்பக்கம் மாட்டியிருக்கும், தூசி பிடிக்கும் ஃபில்டர் ஆறையும் கழற்றிக் கழுவி, காயவைத்து, திரும்ப மாட்டுவது என் வேலை. கழுவியதை நான் அந்தச் சுவர்ச் சல்லடை மேல்தான் சாய்த்து வைப்பேன். அங்கேதான் சீக்கிரம் காயும். அது காய்கிற நேரம் என்னுடைய நேரம். மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டில் எழுதுவேன். நோட்டு இருப்பது யாருக்கும் தெரியாது.

அன்றைக்கும் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று தட்டு. சித்தியின் கேள்வி. வாயைத் திறந்தால் உள்ளே வருவாள், நோட்டைப் பார்ப்பாள். மூச்சை அடக்கிக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நான் முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டதாக நினைத்திருப்பாள். சனிக்கிழமை ராத்திரி அவளுக்கு வேறொரு இடத்தில் வேலை. ஞாயிறு மதியம்தான் வீட்டுக்கு வருவாள். எங்களிடம் இருப்பது ஒரே போன். அதுவும் அவள் பையில்.

2:40.

மிஷின் ஓட ஆரம்பித்தது.

சனிக்கிழமை மதியம் அது ஓடியதே இல்லை. முதலில் மெல்ல உறுமியது. பிறகு சத்தம் ஏறிக்கொண்டே போனது. காது இரண்டும் அடைத்துக்கொண்டன. கிணற்றுக்குள் முங்கின மாதிரி இருந்தது. சல்லடை மேல் சாய்த்து வைத்த ஃபில்டர்கள் ‘சப்’பென்று ஒட்டிக்கொண்டன. நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கதவுக்கு ஓடினேன்.

கைப்பிடி திரும்பியது. கதவு நகரவில்லை.

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். ஒரு விரல் அளவு திறந்தது. இடுக்கில் காற்று வீல் என்று கத்தியது. அடுத்த நொடி ‘டமார்’ என்று கதவு பழையபடி மூடிக்கொண்டது. வெளியே யாரோ முதுகைக் கொடுத்து நிற்கிற மாதிரி.

“சித்தி...”

கூப்பிட்டேன் என்றுதான் நினைத்தேன். என் காதுக்கே கேட்கவில்லை.

2:52. கையால் குத்தினேன். வாளியால் இடித்தேன். மிஷின் போட்ட சத்தத்தில் எல்லாம் கரைந்து போனது. மாமா இருப்பது கீழே, நாலு மாடி தள்ளி. திங்கட்கிழமை காலை ஏழு வரைக்கும் இந்த மாடிக்கு யாரும் வரமாட்டார்கள். தண்ணீர் இல்லை. ஜன்னல் இல்லை. கேட்டபோது ‘நான் இருக்கேன்’ என்று இரண்டே வார்த்தை சொல்லியிருக்கலாம்.

விளக்கு அணைந்தது. கையை ஆட்டினேன், எரிந்தது. அழுது ஓய்ந்து அசையாமல் நின்றால் அணையும். திரும்பக் கையை ஆட்ட வேண்டும். அப்படியே எத்தனை தடவை என்று தெரியாது.

3:05. மூலையில் உட்கார்ந்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு அதன்மேல் மோவாயை வைத்தேன். கல் மாதிரி இருந்தேன். வினாடி முள்ளை மட்டும் பார்த்தேன். பத்து... இருபது... முப்பது...

ஒரு நிமிஷம் ஆயிற்று.

நான் அசையவில்லை.

விளக்கு அணையவில்லை.

3:11.

டங். டங். டங்.

தகரம் சுருங்குது, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. மிஷின் நின்ற பிறகுதானே தகரம் சுருங்கும்? மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது...

டங். டங். டங்.

மூன்று மூன்றாக. சித்தி தட்டுவது போலவே. ஆனால் கேள்வி வரவில்லை. சத்தம் வெளிக்கதவிலிருந்தும் வரவில்லை.

மிஷினுக்குள்ளிருந்து.

3:20. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. அந்த இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றேன். பூட்டு தொங்கியது. வட்டக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. எப்போதாவது படியும். நான்தான் துடைப்பேன்.

விரலால் துடைத்தேன்.

போகவில்லை.

திரும்பத் துடைத்தேன். விரலில் ஈரமே இல்லை.

ஆவி... உள்பக்கம்.

அது பரவியது. சுருங்கியது. பரவியது.

மூச்சு.

பிறகு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு கை அளவுக்கு ஆவி துடைபட்டது.

நான் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அந்த இடத்தில் என்ன தெரிந்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

கண்ணை மூடியபடியே கேட்டேன். ஏன் கேட்டேனோ... சித்தி கேட்பது போலவே வாயில் வந்துவிட்டது.

“உள்ள யாராச்சும் இருக்கீங்களா?”

இந்தத் தடவை என் குரல் எனக்கே கேட்டது.

‘தட்’.

ஒரு தாழ்ப்பாள் விடுபட்ட சத்தம். மிஷின் நின்றது.

3:31.

காது திறந்துகொண்டது. பின்னால் வெளிக்கதவு தானாக ஒரு சாண் திறந்தது. ஓடினேன்.

நடைபாதையில் ஏழு விளக்கு. ஆள் நடந்தால்தான் ஒவ்வொன்றாக எரியும். நான் வெளியே வந்தபோது ஏழும் எரிந்துகொண்டிருந்தன.

யாரோ வந்து திறந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அங்கே யாரும் இல்லை. படிக்கட்டு வழியாகக் கீழே ஓடினேன்.

“என்னம்மா பூனை, இன்னும் போகலையா நீ? உங்க சித்தி ரெண்டரைக்கே போயாச்சு,” என்றார் வாட்ச்மேன் மாமா.

“மேல யாராவது வந்தாங்களா மாமா?”

“பேசிட்டியே!” என்று சிரித்தார். “லிஃப்டே நிறுத்தியாச்சு. யாரு வரப்போறா?”

சித்தியிடம் ஞாயிற்றுக்கிழமை எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை நான்காம் மாடியில் மிஷின் ஓடவில்லை. அண்ணனைக் கூப்பிட்டார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். சல்லடை மேல் ஃபில்டர்கள் அப்படியே இருப்பதைப் பார்த்ததும் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

“இங்கயா பூனை காய வெப்பே? காத்து வர்ற வழியே இதுதானே! இதை அடைச்சா மிஷின் ரூமுக்குள்ள இருக்கிற காத்தையே உறிஞ்சும். கதவையும் சேர்த்து இழுத்துப் பிடிச்சுக்கும். ரப்பர் வேற ஒட்டியிருக்கு. ஆளே தள்ள முடியாது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “சனிக்கிழமை எல்லாரும் போனப்புறம் பழைய காத்தை வெளியேத்த ஒரு மணி நேரம் ஓடுற மாதிரி போன வாரம்தான் மாத்தினேன். உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்மா.”

எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது.

“ஆனா ஒரு மணி நேரம் ஓடலையே,” என்று அவரே சொல்லிக்கொண்டு, சுவரில் இருந்த சின்னத் திரையைத் தட்டினார். வாசித்தார். திரும்ப வாசித்தார். “மூணு முப்பத்தொண்ணு. நின்ன காரணம்... மிஷின் கதவு திறப்பு.” என்னைப் பார்த்தார். “இந்தக் கதவைத் திறந்தா ஃபேன் நின்னுடும். நீயா திறந்தே?”

“பூட்டியிருக்கே, அண்ணா.”

பூட்டை இழுத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. திரையில் எழுத்து மாறவில்லை. ‘கதவு திறந்துள்ளது.’ சனிக்கிழமை 3:31-இலிருந்து.

“சென்சார் போயிருக்கும்,” என்றார். சாவி போட்டுத் திறந்தார். உள்ளே இருட்டு. யாரும் இல்லை. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கத் தூசி. நடுவில் ஒரு கை அளவுக்கு மட்டும் சுத்தமாக இருந்தது.

கதவைச் சாத்தினார். திரையில் ‘மூடியுள்ளது’ என்று வந்தது. மிஷின் ஓட ஆரம்பித்தது.

சென்சாரில் ஒரு கோளாறும் இல்லை.

அண்ணன் மிஷினை நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். “மோட்டாரும் சென்சாரும்தான் புதுசு. பெட்டி பழசு. பதினோரு வருஷம் முன்னாடி ஒரு அம்மா உள்ள இறங்கிக் கழுவிட்டு இருந்திருக்காங்க. அதிகமா பேசமாட்டாங்களாம். யாரோ கவனிக்காம வெளியே இருந்து தாழ்ப்பாளைப் போட்டுட்டாங்க. சனிக்கிழமை மதியம். திங்கக்கிழமைதான் திறந்தாங்க. யார் போட்டதுன்னு கடைசி வரைக்கும் தெரியல. அதுக்கப்புறம்தான் திறந்தா நிக்கிற சுவிட்சு, பூட்டு எல்லாம்.”

“மூணு மூணா தட்டினாங்க அண்ணா,” என்றேன். “எனக்குக் கேட்டுது. தகரம்னு நினைச்சேன்.”

பின்னால் வாளி கீழே விழுந்தது.

வாசலில் சித்தி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தண்ணீர் அவள் கால்மேல் ஓடியது. அவள் குனியவில்லை.

“நானும் தகரம்னுதான் நினைச்சேன்,” என்றாள்.

இந்தக் கட்டிடத்தில் சித்தி வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம்.

நான் வாயைத் திறப்பதற்குள் திரும்பி நடந்தாள். கதவைத் தட்டவில்லை. யாரையும் கேட்கவில்லை. சாத்தவும் இல்லை. அவள் போகப் போக நடைபாதை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஏழாவது விளக்குக்குக் கீழே படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தன.

நடைபாதை இருட்டானது.

பிறகு... முதல் விளக்கு எரிந்தது.

இரண்டாவது.

மூன்றாவது.

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் வாசலைத் தாண்டவில்லை. எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. விளக்கு மட்டும் எரிந்துகொண்டே போனது. அவசரமில்லாமல், ஒரு ஆள் நடக்கிற வேகத்தில்.

ஏழாவது விளக்கு எரிந்தது. சித்தி திரும்பிய பக்கம், ஒரு வார்த்தையும் இல்லாமல், அதுவும் திரும்பிப் போனது.