கேக்கக்கா கடை தேடுகிறார்

பச்சை குத்தும் கடைகளில் சுவர் நிறையப் படம் மாட்டியிருந்தாலும் கேக்கக்கா ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பச்சை குத்துகிறவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நேரே கேட்டுவிடுவார்: "தம்பி, நீங்க முதன்முதலா குத்தினது எங்க இருக்கு? காட்டுங்க."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் பலரும் முதலில் தங்கள் காலிலேயே குத்திக் கை பழகுவார்கள் என்று அக்காவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பிடித்த பிடி. விடுமுறை நாள் வந்தால் தங்கையையும் இழுத்துக்கொண்டு ஒரு கடை. முதல் கடைக்காரர் போனை நீட்டினார், படமெல்லாம் பளபளத்தது. "இது நேத்து குத்தினது. நேத்து பூசின கிரீம்கூடத்தான் அழகா இருக்கும்" என்று அக்கா எழுந்துவிட்டார். இரண்டாமவர், தனக்கு ஆரம்பத்திலிருந்தே கோணியதில்லை என்றார். "பொறக்கும்போதே ஊசியோட பொறந்தாராம்!" என்ற முணுமுணுப்பு படி இறங்கியும் அடங்கவில்லை. அடுத்த இரண்டு கடையிலும் இதே கதைதான்.

தங்கைக்குப் பொறுமை போய்விட்டது. "மாப்பிள்ளை பாக்கக்கூட நீ இவ்வளவு அலையலையேக்கா!"

"அலைஞ்சிருக்கணும்டி."

பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுவது அக்காவின் வேலை; கேக்கக்கா என்ற பெயரும் அதனால்தான். ஒரு நாளைக்கு முப்பது பெயர். எழுத்து கோணினால் கத்தியால் வழித்துவிட்டு மறுபடி எழுதலாம். கையில் குத்தியதை வழிக்க முடியுமா? எட்டு வருடத்துக்கு முன், எதையும் விசாரிக்காமல், கண்ணில் பட்ட கடையில் இடது கையை நீட்டியவர் அவர். கேட்டது பறக்கிற குருவி. மறுநாள் அடுப்பு மாஸ்டர் பார்த்துவிட்டு, மனதில் ஒன்றும் இல்லாமல்தான், "கோழிக்குஞ்சு ஜோரா இருக்கே!" என்றார். அவ்வளவுதான். அன்று ஏறியது முழுக்கைச் சட்டை. அனலில் எல்லாரும் அரைக்கையோடு தவிக்கும்போது, இவர் மட்டும் மணிக்கட்டுவரை பொத்தானை மாட்டிக்கொண்டு வெந்துகொண்டிருந்தார். பாவம், யாரிடம் சொல்லி அழுவது? ஆனால் ஆசை மட்டும் விட்டபாடில்லை. இன்னொன்று குத்திக்கொள்ள வேண்டும். அதையும் ஒளித்து வைக்கிற மாதிரி ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம்.

ஐந்தாவது கடை ஒரு சலவைக் கடைக்கு மேலே, மாடியில். மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் கேள்வியைக் கேட்டதும் மனிதருக்குக் காது சிவந்துவிட்டது.

"சிரிக்கக் கூடாதுக்கா" என்றபடி பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். கெண்டைக்காலில், ஐந்து முனையும் ஐந்து பக்கம் போக, என்னவோ ஒன்று. "நட்சத்திரம்னு நெனச்சுத்தான் ஆரம்பிச்சேன். நண்டாயிடுச்சு."

மறுகாலையும் காட்டினார். அங்கே ஒரு கொடி. குத்தி ஆறு வருடமாம், ஒரு கோடுகூடக் கலையவில்லை. "இது கை பழகினப்புறம்."

அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தங்கைகூடப் பயந்துபோனாள். பிறகு, யாரும் கேட்காமலே, அக்கா மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார்.

"இப்ப நீங்க சிரிங்க, தம்பி."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "மேல பெரிய இலையா ஒண்ணு போட்டு மறைச்சிடலாம்க்கா."

"வேணாம். இத்தனை வருஷம் இருட்டுலயே கெடந்திருக்கு பாவம். பக்கத்துல துணைக்கு ஒரு குருவி குத்துங்க. இந்தத் தடவை குருவியாவே இருக்கணும்."

அடுத்த வாரத்துக்கு நாள் குறித்தாயிற்று. அக்காவுக்கு அப்படி ஒரு நிம்மதி. திரும்பும் வழியெல்லாம் தங்கையைக் கேலி செய்துகொண்டே வந்தார்.

மறுநாள் காலை. ஊசி இன்னும் தோலைத் தொடவே இல்லை. அடுப்பு மாஸ்டர் கதவைத் திறக்க, அனல் முகத்தில் அறைந்தது. அக்கா கிரீம் கோனைக் கீழே வைத்தார். சட்டையின் இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டார். "தட்டைக் கொடுங்க மாஸ்டர்" என்று, கோழிக்குஞ்சு இருந்த கையையே நீட்டினார்.