ஸ்டிக்கர் சிவந்தது யாரால்?

இன்று காலை நாமக்கல் பார்சல் ஆபீஸில் ஒரு லோடுமேனை அடித்தேன். வருத்தமில்லை.

நான் அனுப்பக் கொண்டுபோன பெட்டிக்குள் இருந்தது, விண்வெளித் தொலைநோக்கியில் ஒளியைப் பிடிக்கும் டிடெக்டர். ராக்கெட்டின் உதறலை அது தாங்குமா என்று அதிர்வு மேசையில் வைத்துச் சோதிப்பார்கள். அதைப் பிடித்து நிறுத்தும் அலுமினியச் சட்டம் என் லேத் பட்டறையில் உருவானது. டிடெக்டரை நானே அதில் மாட்டி, ஆய்வகத்துக்குத் திருப்பி அனுப்பப் போயிருந்தேன். அடிபட்டால் சிவக்கும் ஸ்டிக்கர் ஒன்று பெட்டிமேல் உண்டு. சிவந்துவிட்டால் டிடெக்டரைச் சோதனைக்கே எடுக்க மாட்டார்கள்.

அந்தப் பெட்டியைத்தான் லோடுமேன் தூக்கி எறிந்தான்.

ஓடிப்போய் எடுத்தேன். ஸ்டிக்கர் வெள்ளையாகவே இருந்தது.

"ஏண்டா, உள்ள என்ன இருக்குன்னு சொன்னேனில்ல?"

"ராக்கெட்டுல போறதுன்னீங்க. இதையே தாங்காதது அங்க போயி என்னுங்க பண்ணும்?"

கன்னத்தில் அறைந்தேன். சட்டையைப் பிடித்துத் தராசின்மேல் தள்ளினான். என் உதடு கிழிந்தது, பெட்டியை விடவில்லை. எழுந்து, அந்தப் பெட்டியாலேயே அவன் நெஞ்சில் ஓங்கி இடித்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கிளார்க் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, நீங்க இடிச்சப்பத்தானுங்க ஸ்டிக்கர் செவந்துச்சு. நான் பாத்தேன்."

ஆய்வகத்துக்கு இன்னும் போன் செய்யவில்லை. எறிந்தவன்மேல்தான் குற்றம் என்று சொல்வேன். இல்லை என்பவர்கள், அந்த நேரத்தில் நான் வேறு எதை எடுத்து அடித்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.