பதினோரு பெரியவர்களும் ஒரு பேதிக் காலமும்

வயசாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் முதலில் தேய்வது இடுப்பு, அடுத்தது பொறுமை. வீட்டில் மாமனாரையோ மாமியாரையோ படுக்கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், ஒரு தர்மவான் நடத்திவந்த விடுதியில் நான் ஆயா. ஆதரவில்லாத பெரியவர்கள் பதினோரு பேர் இருந்தார்கள். பார்த்துக்கொள்ள நானும் இசக்கியும். ஜப்பான்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம், ஆடிச் சாரலோடு சேர்ந்து ஊருக்குள் வாந்திபேதியும் வந்தது.

இசக்கி லீவு கேட்டது

பேதி வந்த நாலாம் நாள் இசக்கி துணிமூட்டையோடு என் முன்னால் வந்து நின்றாள். சுந்தரபாண்டியபுரத்தில் சித்தி மகளுக்குக் கல்யாணமாம். "ஆடியில எவன்டி கல்யாணம் வைப்பான்?" என்றேன். "கல்யாணம் ஐப்பசியிலக்கா. இப்பமே போனாத்தானே ஒத்தாசையா இருக்கும்" என்றாள்.

வயிறு எரிந்தாலும், நல்ல காரியமாயிற்றே என்று, மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்டேன். படியிறங்கிக்கொண்டே சொன்னாள்:

"இனிமேதான் பாக்கணும்க்கா."

காய்ச்சின தண்ணீர்

தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும் என்பது சுகாதார இன்ஸ்பெக்டரின் உத்தரவு. சாரலில் நனைந்த விறகு. ஊதி ஊதி என் கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டன. பதினோரு பேருக்கு அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஆறவைத்துக் கொண்டுபோனால், பேச்சி ஆச்சி மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். கெஞ்சினேன், அதட்டினேன், அவள் முன்னால் நானே ஒரு செம்பு குடித்தும் காட்டினேன்.

கடைசியில் ஒரு மிடறு குடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, செத்துப்போனவர்களுக்கு அழுகிற குரலில் சொன்னாள்:

"மலையில எம்புட்டு மூலிகையத் தொட்டு வந்த அருவித் தண்ணி! எல்லாத்தையும் வேகவச்சுக் கொன்னுட்டியேட்டி!"

ஊசியும் கருப்பட்டியும்

பேதி ஊசி போட இன்ஸ்பெக்டர் வந்தார். ஒருத்தரும் கையை நீட்டவில்லை. ஊசி போட்டுக்கொண்டால் ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி என்று அறிவித்தேன். உடனே வரிசை வந்துவிட்டது. நான் அப்போது சரியாகத் தூங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. எல்லா முகமும் எனக்கு ஒரே முகமாகத் தெரிந்தது. கை வந்தால் பிடித்துக் கொடுப்பேன், வாய் வந்தால் கருப்பட்டி போடுவேன்.

முடிந்ததும் இன்ஸ்பெக்டர் கணக்குப் பார்த்தார். பன்னிரண்டு ஊசி. ஆட்களோ பதினோரு பேர். திரும்பிப் பார்த்தால், அருணாசலம் தாத்தா இரண்டு கையையும் மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்!

இரண்டு நாள் அவருக்கு நெருப்பாய்க் காய்ச்சல். "எல்லாம் என் கவனக்குறைவு" என்று பயந்து, ஈரத்துணியும் கையுமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் கண் திறந்தவர் கேட்ட முதல் கேள்வி:

"ஏட்டி, அடுத்த ஊசி என்னைக்கு?"

உப்பு

சங்கரன் தாத்தா ஒரு காலத்தில் கல்யாணச் சமையல்காரர். நான் வைக்கிற கஞ்சியைக் குறை சொல்லாமல் அவர் ஒரு நாளும் குடித்ததில்லை. பேதி அவரைத்தான் பிடித்தது. ஊருக்கு வெளியே போட்டிருந்த பேதிக் கொட்டகைக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி வந்தது. தூக்கிப் படுக்கவைத்தபோது கையில் கனமே இல்லை.

மூன்றாம் நாள் அவர் போய்ச்சேர்ந்த சேதிதான் வந்தது. வண்டி நகர்ந்தபோது, ஒட்டிப்போன வாயைக் கஷ்டப்பட்டுத் திறந்து அவர் என்னிடம் சொன்னது இதுதான்:

"நான் திரும்பி வாரதுக்குள்ள கஞ்சிக்கு உப்புப் போடப் படிச்சுக்கோ."

என்னை ஏற்ற வந்த வண்டி

மூன்று வாரம் ஆனது. ஒரு மதியம் பேச்சி ஆச்சிக்குக் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தேன். கண்ணை ஒரு நிமிஷம் மூடின ஞாபகம். விழித்தபோது விளக்கு ஏற்றுகிற நேரம். தலைக்கடியில் யாருடைய தலையணையோ இருந்தது. ஆச்சி எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் நாலு பேர் சேர்ந்து கஞ்சி காய்ச்சி முடித்திருந்தார்கள். பாதி தரையில் கிடந்தது.

நடந்ததை ஆளுக்கொரு வரியாகச் சொன்னார்கள். நான் தூக்கத்தில் சாய்ந்ததில் கஞ்சி முழுவதும் சேலையில் கொட்டியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து வந்த இன்ஸ்பெக்டர், வாந்தி என்று நினைத்து, என்னை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார். இரண்டு ஆட்கள் என் கையையும் காலையும் பிடித்துத் தூக்கியும்விட்டார்கள். அப்போது முன்னாள் போலீஸ்காரர் சுடலைமுத்து தாத்தா வாசலை மறித்து நின்று ஊன்றுகோலை ஓங்கினாராம். அதைக் கேட்டு நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதேன். அவர் இன்ஸ்பெக்டரிடம் சொன்னது:

"பேதி இல்ல வே, தூக்கம்! மூணு வாரமா எங்களக் கட்டி மாரடிக்கா. எழுப்புனீருன்னா ஒம்ம வண்டியில ஒம்மையே ஏத்தி விட்டுருவேன்!"

ஆவணியில் பேதி ஊரைவிட்டுப் போனது. மருந்துக்கும் மாரியம்மனுக்கும் பயந்து போனதாக ஊரில் சொன்னார்கள், எங்கள் பத்துப் பேரோடு மல்லுக்கட்டிக் களைத்துத்தான் போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.