பூட்டிய கேட்டும் பெரியப்பாவின் மாலையும்

முதலியார்பேட்டையில் இருந்து தினமும் காலையில் பீச் ரோடு வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அந்தத் தெம்பில்தான் இந்தத் தப்பைச் செய்தேன்.

காரைக்காலில் இருக்கும் என் பெரியப்பா போன் செய்தார். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து போரில் இறந்தவர். "பீச்ல இருக்கிற போர் நினைவுச் சின்னத்துல ஒரு மாலை வைக்கணும்மா. உள்ள விடுவாங்களா?"

"தாராளமா வாங்க பெரியப்பா. திறந்துதான் இருக்கும்" என்றேன்.

மடியில் மாலையோடு பஸ்ஸில் வந்தார். சாயங்காலம் அந்த ரோட்டில் வண்டி விடமாட்டார்கள் என்பதையும் மறந்துவிட்டேன். முட்டி வலியோடு, ரோட்டை மறித்திருந்த தடுப்பிலிருந்து நடந்தே வந்தார்.

கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.

"விசேஷ நாள்லதான் திறப்பாங்கம்மா" என்றார் காவலர். மாலையை கேட் கம்பியிலாவது மாட்டிவிட்டுப் போகிறோம் என்றேன். அதற்கும் அனுமதி இல்லையாம். பக்கத்தில் செல்ஃபி எடுத்த ஒருவர், "சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்று பெரியப்பாவைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரியப்பா கோபப்படவில்லை. "தினமும் இப்படித்தானே போற? பூட்டு கண்ணுல படலியா?" என்று மட்டும் கேட்டார்.

மாலை அவர் மடியிலேயே திரும்பிப் போனது.

இப்போது ஊரில் எந்த இடத்தைப் பற்றி யார் கேட்டாலும், "இருங்க, நேர்ல பார்த்துட்டுச் சொல்றேன்" என்கிறேன். அந்த கேட்டை என்றைக்குத் திறப்பார்கள் என்றும் விசாரித்து வைத்திருக்கிறேன். பெரியப்பாதான், "முட்டி ஒத்துழைக்கலம்மா" என்கிறார்.