பெயர் கேட்காத கோயில்

கைப்பைக்குள் கற்பூரம் மணத்துக்கொண்டே வந்தது... கொல்கத்தாவில் ரயில் ஏறியதிலிருந்து சாந்திநிகேதனுக்காகப் போல்பூரில் இறங்கும்வரை.

ஒஸ்லோவில், குரொன்லாண்ட் பகுதிக் கடையொன்றில் வாங்கிய கற்பூரம் அது. "இந்தியாவுக்கு ஆரும் கற்பூரம் கொண்டு போவினமோ அம்மா?" என்று நக்கலடித்தேன்.

"அங்கத்தைக் கற்பூரம் நல்லதோ என்னவோ... நீ பேசாமல் வா."

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஒரு டிசம்பர் விடுமுறை. சாந்திநிகேதனை இரண்டு நாள் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றுதான் ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் பியோர்ண்டாலில் எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். உண்மை வேறு.

என் தம்பி ரவி ஓவியம் படிக்க ஆசைப்பட்ட ஊர் அது. இந்திய விசா எடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டவன்... போய்ச் சேரவில்லை. திரும்பி வரவும் இல்லை. பிறகு அம்மாவை நோர்வேக்கு, அவன் அக்காவான என்னிடம் கூப்பிட்டுக்கொண்டேன்.

வருடங்கள் ஓடின. திவசம் செய்யுங்கோ என்று சொந்தக்காரர் சொல்லத் தொடங்கினார்கள். எனக்கும் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. அதை ஒருநாள் வாய்விட்டுச் சொன்னதற்கு அம்மா கனநாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மாதம் தவறாமல் அவனுடைய பூச நட்சத்திரத்தன்று கோயிலுக்குப் போய் அவன் பேரில் அர்ச்சனை செய்விப்பார். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்கு அல்லவா...

நாங்கள் தங்கிய விடுதிக்காரர், புதன்கிழமை காலையில் 'மந்திர்' என்ற கோயிலில் பிரார்த்தனை நடக்கும் என்றார். அது போதும் அம்மாவுக்கு. விடியவே முழுகி, அரக்குப் பட்டு உடுத்து, தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை எல்லாம் அடுக்கிவிட்டார். செம்மண் வீதியில் சைக்கிள் ரிக்‌ஷா. ஊர்க்காரர் குரங்குத் தொப்பிக்குள் நடுங்கினார்கள். எங்களுக்கு அது ஒஸ்லோவின் மே மாதம்.

போய் இறங்கினால், நிறக் கண்ணாடிகளால் ஆன ஒரு மண்டபம். தரையில் இருந்த அத்தனை பேரும் வெள்ளை உடையில். அரக்குப் பட்டும் அர்ச்சனைத் தட்டுமாக நாங்கள் மட்டும்.

"ஐயர் எங்கை பிள்ளை?"

"ஐயர் இல்லைப் போலை அம்மா. சாமியும் இல்லை."

"அப்ப பேர், நட்சத்திரம் ஆர் கேக்கிறது?"

ஒரு வங்காளப் பெண் நகர்ந்து இடம் தந்தார். இருந்தோம். பாடினார்கள்... ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு எல்லோரும் அமைதியானார்கள்.

மடியில் தட்டை வைத்திருந்த அம்மாவின் தோள் குலுங்கியது. தம்பி காணாமல் போன பிறகு அம்மா அழுது நான் பார்த்தது அன்றுதான். அழுதால் அவன் இல்லை என்று ஆகிவிடுமோ என்று அத்தனை காலமும் அடக்கி வைத்திருந்தார்.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது சொன்னார். "இஞ்சை ஒருத்தரும் கேக்கேல்லை பிள்ளை. இருக்கிறானோ இல்லையோ எண்டு நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லாமல் போச்சு. சும்மா அவனை நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

புதன் அங்கே வார விடுமுறையாம். வகுப்பு இல்லை, ஓவியக்கூடமும் பூட்டு. இவ்வளவு தூரம் வந்து இப்படியா என்று எனக்குத்தான் எரிச்சல். தேங்காயை ரிக்‌ஷாக்காரரிடம் கொடுத்துவிட்டு, வகுப்பு நடக்கும் மரத்தடியில் இருந்து வாழைப்பழம் சாப்பிட்டோம். அம்மா வெகுநேரம் அந்த வெறும் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா போய் இப்போது சில வருடங்கள். அவருடைய திவசத்தை நான்தான் செய்விக்கிறேன். சாந்திநிகேதனுக்கு மறுபடி போகவில்லை. அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை... இங்கே கேட்கிறார்கள்.

போன பூசத்தன்று ஒஸ்லோக் கோயிலில் வரிசையில் நின்றேன். ஐயர் என் தட்டை வாங்கினார்.

"ஆற்றை பேருக்கு அம்மா?"

நம்பிக்கை இல்லை என்று அம்மாவிடம் சொன்ன அதே வாயால் சொன்னேன்.

"ரவி... பூச நட்சத்திரம்."